கொமடோர் 64இன் திணைமாற்றம்: ஒரு பொருளிலக்கண ஆய்வு

அமெரிக்காவில் பிறந்த கணினியை ஐரோப்பியத் தொலைக்காட்சியோடு சேர்த்துவைப்பது எப்படி என்ற கேள்வியை இதுவரை சாலிடரிங் அயர்ன் பிடித்தவர்கள் மட்டுமே ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். பொருளிலக்கணம் படித்தவர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அக்குறையை நீக்கும் பொருட்டு எழுந்ததே இவ்வாய்வு. 1982இல் வெளிவந்த கொமடோர் 64 இங்கே ஆய்வுப்பொருள். பிற கணினிகள் ஆய்வெல்லைக்கு வெளியே நிறுத்தப்படுகின்றன. ஆய்வாளரின் பரணில் அவை இல்லை என்பது துணைக்காரணம்.

முதற்பொருள் நிலமும் பொழுதும் என்பது தொல்காப்பியர் முடிபு. இங்கே திணைகள் என்பவை என்டிஎஸ்சி, பிஏஎல் என்னும் இரு தொலைக்காட்சி முறைகள். என்டிஎஸ்சி திணைக்கு நிலம், வட அமெரிக்காவும் ஜப்பானும். சிறுபொழுது, நொடியில் அறுபதில் ஒரு கூறு. பிஏஎல் திணைக்கு நிலம், மேற்கு ஜெர்மனி, இங்கிலாந்து முதலியன. சிறுபொழுது, ஐம்பதில் ஒரு கூறு. இக்கணினி முன்னதில் ஒரு திரைக்கு 263 கோடுகள் இழுக்கும், பின்னதில் 312. பெரும்பொழுது இரண்டுக்கும் இல்லை. பிரான்சின் செக்காம் முறையைத் தொட்டால் கட்டுரை முடியாது.

கருப்பொருள்களில் தலையாயவை இரண்டு: திரையை வரையும் விக்-2 என்னும் நாற்பது கால் சிப்பும், அதற்குத் தாளம் போடும் கிரிஸ்டலும். அமெரிக்கப் பலகையில் சிப் 6567, கிரிஸ்டல் 14.31818 மெகாஹெர்ட்ஸ். ஐரோப்பியப் பலகையில் 6569, 17.734475. சிப் சாக்கெட்டில் உட்கார்ந்திருந்தால் தட்டையான ஸ்க்ரூடிரைவரை அடியில் செருகி, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று நெம்ப வேண்டும். ஒரே பக்கமாக நெம்பினால் மறுமுனைக் கால்கள் மடங்கிவிடும். கிரிஸ்டலை ஈயத்தை உருக்கித்தான் எடுக்க முடியும். பலகையின் வகையைப் பொறுத்து ஓரிரு ஜம்பர்களும் இடம் மாறும். 120 வோல்ட் அடாப்டரும் விடைபெறும். சிப்பை மாற்றிவிட்டுக் கிரிஸ்டலை அப்படியே விட்டால் நிறம் வராது. தொலைக்காட்சி 4.43 மெகாஹெர்ட்ஸ் நிற அலைக்குக் காத்திருக்கும். பழைய கிரிஸ்டலின் கால் பங்கோ 3.58.

மூளையின் வேகமும் அதே கிரிஸ்டலில் பிறப்பதுதான். அமெரிக்கக் கிரிஸ்டலை 14ஆல் வகுத்தால் 1.023 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பியக் கிரிஸ்டலை 18ஆல் வகுத்தால் 0.985. ஆக, ஐரோப்பாவுக்குக் குடிபெயர்ந்த கணினி ஏறத்தாழ நான்கு விழுக்காடு மெதுவாகச் சிந்திக்கிறது. இதற்குச் சமூகவியல் காரணம் தேட வேண்டாம்.

உரிப்பொருளில்தான் சிக்கல். 1985இல் ராப் ஹப்பர்ட் இங்கிலாந்தில் இருந்துகொண்டு ‘மான்ட்டி ஆன் தி ரன்’ விளையாட்டுக்கு இசையமைத்தபோது, திரை நொடிக்கு ஐம்பது முறை புதுப்பிக்கப்படும் என்பதே கணக்கு. அதே நிரலை அமெரிக்கக் கணினியில் ஓட்டினால் இசை ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடி, சுருதியும் சற்றே ஏறி, வீட்டில் ஏதோ தீப்பற்றியதுபோல ஒலிக்கும். திணை மாறிய கணினியில் ஹப்பர்ட் நிதானத்துக்கு வருவார். அமெரிக்க விளையாட்டுகள் சோம்பல் முறிக்கத் தொடங்கும்.

மாறியதைக் கணினியிடம் யாரும் அறிவிக்க வேண்டியதில்லை என்பது வியப்பு. பிற்கால ரோம் உள்ளவை ஒவ்வொரு முறை உயிர்பெறும்போதும் திரையில் 311ஆம் கோடு வருகிறதா என்று தாமே பார்த்து, விடையை 678ஆம் முகவரியில் எழுதிக்கொள்கின்றன: வந்தால் 1, வராவிட்டால் 0.

திணைமயக்கத்துக்குச் சான்று அர்ஜென்டினா. அங்கே சலவை இயந்திரத்துக்குப் பெயர்போன ட்ரேயன் நிறுவனம் கொமடோர் 64ஐயும் விற்றது. அதன் 6572 சிப்பில் கோடுகள் ஐரோப்பிய வழக்கப்படி 312. ஒரு கோட்டுக்குரிய சுழற்சிகளோ அமெரிக்க வழக்கப்படி 65. அசல் ஐரோப்பியக் கணினியில் அவை 63. சுழற்சிகளை ஒவ்வொன்றாக எண்ணி எழுதிய ஐரோப்பிய டெமோக்கள் இங்கே தடுமாறுவதற்கு அந்த இரண்டே காரணம். இரு திணைப் பொழுதுகள் கலக்கலாம், நிலங்கள் கலக்கா என்ற தொல்காப்பிய விதியை ட்ரேயன் பொறியாளர்கள் மீறவில்லை என்பதே இவ்வாய்வாளரின் துணிபு. மறுப்பவர்கள் ப்யூனஸ் ஐரிஸ் சென்று வாதாடலாம்.

எஞ்சியிருப்பது சிஐஏ என்னும் துணைச் சிப்புக்குள் இருக்கும் கடிகாரம். கிரிஸ்டலை அது பொருட்படுத்துவதில்லை. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தின் துடிப்பையே எண்ணுகிறது. தொடக்கத்தில் அது எதிர்பார்ப்பது நொடிக்கு அறுபது துடிப்பு. ஐரோப்பியச் சுவர் தருவது ஐம்பது என்பதால் ஒரு மணி நேரம் கழிந்த பின்னும் ஐம்பது நிமிடமே ஆனதாகக் காட்டும். 56334ஆம் முகவரியில் 7ஆம் பிட்டை 1 ஆக்கினால் சரியாகிவிடும்.