சிவப்பு விளக்குக்கு மந்திரம் இல்லை

கள்ளக்குறிச்சியில் வீட்டு நெட் போய் போன் போட்டால் கிடைக்கும் முதல் மந்திரம்: "மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்." இரண்டாவது மந்திரமும் அதுதான். ஃபைபர் மோடத்தில் 'எல்ஓஎஸ்' விளக்கு சிவப்பாக எரிந்தால், இழையில் ஒளியே வந்து சேரவில்லை என்று பொருள். ரோட்டோரம் பொக்லைன் அறுத்த கேபிள், வீட்டுக்குள் சுவிட்சைத் தட்டினால் ஒட்டிக்கொள்ளுமா?

விளக்கெல்லாம் ஒழுங்காக இருந்தும் நெட் இல்லையென்றால் கம்ப்யூட்டரின் ஐபி எண்ணைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால், ரௌட்டர் எண் தராததால் அது தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டிருக்கிறது. பட்டா கிடைக்காதவர் தானே கதவு எண் எழுதிக்கொண்ட மாதிரி. மந்திரம் பெரும்பாலும் பலிப்பது இங்கேதான்.

கல்வராயன் மலையின் பல சிற்றூர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. 2019 நவம்பர் 26 அன்று இந்த மலையையும் சேர்த்துக் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. சிக்னல் மட்டும் இன்னும் மலையேறிக்கொண்டிருக்கிறது. இணைப்பு துண்டிக்கப்பட வேண்டுமானால் முதலில் இணைப்பு இருக்க வேண்டுமே! அந்த வகையில் அவர்கள் பாக்கியசாலிகள், அதிகாரிகள் கணக்குப்படி.

அடிவாரத்துக்காரர்களே, புகார் சொல்லும்போது விளக்கின் நிறத்தையும் ஐபி எண்ணையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். லைன்மேனாவது சீக்கிரம் கிளம்புவார்.