காலால் எழுதியது

"வீட்ல பண்றீங்களா அங்கிள்?"

பிசியோதெரபிக்குப் போகிற யாரும் இதற்கு 'இல்லை' என்று சொன்னதாகச் சரித்திரம் கிடையாது. நானும் "ரெண்டு வேளையும் பண்றேம்மா" என்றேன். வழக்கமாக இத்தோடு பேச்சு முடிந்து, காலில் ஒயரை ஒட்டிவிட்டு அந்தப் பெண் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாள். இன்று காலை, "எங்க, செஞ்சு காட்டுங்க" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பல் டாக்டர் யாரையாவது துலக்கிக் காட்டச் சொல்லியிருக்கிறாரா? காசும் கொடுத்து, வலியும் வாங்கிக்கொண்டு, பரீட்சையும் எழுத வேண்டுமாம்.

எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எப்படி விழுந்தேன் என்பதைக் கட்டாயம் சொல்கிறேன். அதுதான் முக்கியம்.

அதற்கு முன் சுளுக்குக்கு ஊரில் இருக்கிற மரியாதை. எலும்பு முறிந்தவனுக்கு மாவுக்கட்டு, ஹார்லிக்ஸ், ஆப்பிள். எனக்குக் கணுக்காலின் வெளிப்பக்கம் எலும்போடு எலும்பைப் பிடித்து வைத்திருக்கும் லிகமென்ட் பாதி கிழிந்து, பாதம் கத்தரிக்காய் நிறத்தில் கிடந்தது. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்றதும், "அட, வெறும் சுளுக்குதானே!" வந்தவர்கள் எல்லோரும் வெறுங்கையோடு வந்து வைத்தியம் கொடுத்தார்கள். சித்தி புளியும் உப்பும் கொதிக்கவைத்துப் பத்துப் போடச் சொன்னாள். கீழ்வீட்டு மாமி நொச்சி இலை ஒத்தடம். கால் முதலில் வந்து பிறந்தவர் யாரையாவது பிடித்து லேசாக ஒரு மிதி மிதிக்கச் சொன்னார் மாமா. "எதுக்கும் புத்தூர் கட்டுக்கு ஒரு நடை போய்ட்டு வந்துடேன்" என்றார் பெரியப்பா. எலும்பு முறியாததே என் தவறு என்கிற தோரணை.

படித்தவர்கள் ஐஸ் வைக்கச் சொன்னார்கள். ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, உயரத்தில் வை என்று அமெரிக்க டாக்டர் கேப் மிர்கின் 1978-ல் எழுதினார், உலகமே பிடித்துக்கொண்டது. 2014-ல் அவரே, ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று எழுதிவிட்டார். இதை எனக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை. நான் பட்டாணிப் பாக்கெட்டைக் காலில் கட்டிக்கொண்டு கிடந்தேன்.

இப்போது, காலை ஆட்ட வேண்டுமாம். நாற்காலியில் உட்கார்ந்து, முட்டியை அசைக்காமல், கட்டைவிரலையே பேனாவாக்கிக் காற்றில் ஏ முதல் இசட் வரை எழுத வேண்டும். 26 எழுத்து. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "தமிழ்ல எழுதலாமாம்மா?" என்று கேட்டேன். "எதுல எழுதினாலும் சரி அங்கிள், கணுக்கால் சுத்தணும்."

247 எழுத்து என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. 'அ' சுழிக்கும்போதே பாதம் உள்பக்கம் திரும்பி, கிழிந்த இடம் 'ஆ' என்றது. அடுத்த எழுத்தும் அதுதான் என்பதால் ஒன்று மிச்சம். 'இ'யில் வியர்த்தது. 'ஃ' ஒன்றுதான் சுகம்; மூன்று குத்து, முடிந்தது. மூன்று சுழி 'ண' போடுவதற்குள் சுழிக்கு ஒரு தடவை அம்மாவைக் கூப்பிட்டேன். 'ஙௌ' என்ற எழுத்தை ஆயுளில் எந்தச் சொல்லுக்காகவும் கையால் எழுதியதில்லை, காலால் எழுதினேன். 'லை' வந்தபோது எம்.ஜி.ஆரை நினைத்துக்கொண்டேன். தும்பிக்கை வைத்த பழைய 'லை'யை அவர் அரசு அதே 1978-ல் மாற்றியிருக்காவிட்டால் என் லிகமென்ட் மிச்சமும் அறுந்திருக்கும். அந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு வித்திட்ட பெரியாருக்கும் நன்றி.

'வ' வரிசையில் அம்மா வந்து நின்றாள். "உக்காந்து காலாட்டாதடா, வீட்டுக்கு ஆகாது."

"எழுதறேம்மா."

"என்னத்த?"

"தமிழ்."

அம்மா பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கும்பிடுகிற வீடு. "எழுத்தைக் காலாலயா எழுதுவ? சரஸ்வதிடா! உருப்படுமா அந்தக் கால்?" பிறகு குரலைத் தாழ்த்தி, "இங்கிலீஷ்னா பரவாயில்ல, எழுதிக்கோ" என்றாள். அன்றைக்கு நிறுத்தியதுதான். அதற்குப் பிறகு ஏபிசிடியும் எழுதவில்லை. இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் விளக்க முடியுமா?

வலி போனதும் விட்டுவிடுவதுதான் ஆபத்து என்கிறாள். பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குத் தகவல் சொல்லும் நரம்பு முனைகள் லிகமென்டில் இருக்கின்றனவாம். அடிபட்டதும் தகவல் தாமதமாகப் போகும். கால் பிரள்வது நமக்குத் தெரிவதற்குள் பிரண்டு முடிந்திருக்கும். ஒருமுறை சுளுக்கிய கால் திரும்பத் திரும்பச் சுளுக்குவது அதனால்தான். அதற்குப் பயிற்சி, ஒற்றைக்காலில் நிற்பது. தெரியாமல் கேட்கிறேன், இதை நான் படுத்துக்கிடந்தபோதே யாராவது சொல்லியிருக்கலாமே?

அடுத்த வாரத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு நிற்க வேண்டுமாம். விழுந்தால் தலையில் இடிக்கும், முதலில் அந்த பீரோவைத் தள்ளிப் போடுங்கள் என்கிறாள் என் மனைவி. தேக்கு பீரோ. இடுப்புக்கும் அங்கே தனிக் கட்டில் இருக்கிறது, பார்த்திருக்கிறேன்.