முதலில் உட்காருங்கள்!

கேள்வி: ஜவுளிக்கடையில் சேல்ஸ் கேர்ளாக இருக்கிறேன். தீபாவளி சீசனில் விடிந்ததிலிருந்து கடை சாத்தும்வரை நின்றபடியே வேலை. வாடிக்கையாளர்கள் அடுக்கு முழுக்கப் பிரிக்கச் சொல்லிவிட்டு, ‘அப்புறம் வர்றோம்’ என்று எழுந்து போகும்போது அழுகையே வருகிறது. இந்த டென்ஷனை எப்படிச் சமாளிப்பது?
– பெயர் வேண்டாம், மதுரை.

பதில்: முதலில் உட்காருங்கள், தங்கச்சி! பட்டுப்புடவைக்கே மெத்தை விரிக்கிற கடையில், அதை விற்கிற உங்களுக்கு ஒரு ஸ்டூல்கூடவா இல்லை? கோழிக்கோட்டுத் துணிக்கடைப் பெண்கள் போராடியதன் பலனாக, உட்காரும் உரிமைக்காகக் கேரளா 2018-ல் சட்டத்தைத் திருத்தியது. 2021-ல் நம் மாநிலமும் 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தது. ஊழியர்களுக்கு இருக்கை போட வேண்டியது முதலாளியின் கடமை. ஆள் வராத நேரத்தில் நீங்கள் உட்கார்ந்தால் அது சோம்பல் இல்லை, சட்டம்.

மணிக்கணக்கில் நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கும். கால் கடுத்தால் மனசும் கடுகடுக்கும். நிற்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளும். தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள். பாத்ரூம் போக சூப்பர்வைசர் முறைப்பாரே என்று பயந்து அடக்குவது உடம்புக்கு ஆகாது.

எழுந்து போனவர் வேண்டாம் என்றது புடவையை; உங்களை அல்ல. மடிக்கும்போது பக்கத்து கவுண்டர் தோழியையும் கூப்பிடுங்கள், கைவேலையோடு மனபாரமும் குறையும். ஸ்டூல் கேட்கவும் நாலு பேராகவே போங்கள். தராவிட்டால், தொழிலாளர் உதவி ஆய்வாளர் அலுவலகத்தில் மனு கொடுங்கள்.