டீ ஆற்றுவதற்குள் விண்டோஸ்: எஸ்எஸ்டி கேள்வி-பதில்

கேள்வி (ஆலங்குடி): பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப். ஆன் செய்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தாலும் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எஸ்எஸ்டி போட்டால் தேறுமா?

பதில்: தேறும். இப்போது டீ ஆறிப்போகிறது. எஸ்எஸ்டி போட்டால் டீயை ஆற்றி முடிப்பதற்குள் விண்டோஸ் வந்து நிற்கும்.

2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்த லேப்டாப்புகளில் பெரும்பாலும் 320 அல்லது 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்தான் இருந்தது. லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கின் தட்டு பொதுவாக நிமிடத்துக்கு 5,400 முறை, அதாவது விநாடிக்கு 90 முறை சுற்றும். ஒரு துண்டுத் தகவல் வேண்டுமென்றால் முள் முதலில் சரியான தடத்துக்கு நகர வேண்டும். பிறகு அந்த இடம் சுற்றிவந்து முள்ளுக்கு நேராக நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்துச் சுமார் 15 மில்லி விநாடி ஆகும். இந்தக் கணக்கில் விநாடிக்கு அறுபது, எழுபது துண்டுகளுக்கு மேல் அதனால் எடுத்துத் தர முடியாது. விண்டோஸ் எழுந்து உட்காருவதற்கோ ஆயிரக்கணக்கான சிறு துண்டுகள் தேவை. எஸ்எஸ்டியில் முள்ளும் இல்லை, தட்டும் இல்லை. ஒரு துண்டை எடுக்க 0.1 மில்லி விநாடி போதும்.

ஆகவே இந்த லேப்டாப்புகளில் பழுதானது பிராசஸர் அல்ல. அது ஹார்ட் டிஸ்க்கின் வாசலில் வரிசையில் நின்று கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். 2025இல் கல்லூரி மாணவர்களுக்கான லேப்டாப்புகளுக்கு எல்காட் டெண்டர் விட்டபோது 8 ஜிபி ராமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் கேட்டது. பழைய லேப்டாப்பிலும் அதே வழியைப் பின்பற்றலாம். 2 ஜிபி ராம் மட்டும் உள்ள லேப்டாப் என்றால், ஸ்லாட் இடம் கொடுக்கும் அளவுக்கு ராமையும் சேர்த்து ஏற்றிவிடுவது நல்லது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்தப் பழைய பிராசஸர்களை ஏற்காது. தட்டச்சு, பாடம், இணையம் என்ற அளவில் பயன்படுத்துபவர்களுக்கு லினக்ஸ் மின்ட் போதும். இந்த லேப்டாப்புகளில் பல, விண்டோஸோடு மத்திய அரசின் சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தவை என்பதால் லினக்ஸ் அவற்றுக்குப் புதிய விருந்தாளி அல்ல.

கேள்வி (அறந்தாங்கி): கடையில் ஒன்று தீப்பெட்டி மாதிரி இருக்கிறது, இன்னொன்று சூயிங்கம் மாதிரி இருக்கிறது. எது நல்லது?

பதில்: கணினியில் எது பொருந்துமோ அதுதான் நல்லது. எஸ்எஸ்டி வாங்கும்போது நடக்கும் தவறுகளில் பாதி இந்த இடத்தில்தான் நடக்கிறது. அதனால் பொறுமையாகப் பார்க்க வேண்டியதும் இதைத்தான்.

தட்டையான பெட்டி போல இருப்பது 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிய இடத்தில், அதே இணைப்பில், அதே ஸ்க்ரூவில் உட்கார்ந்துவிடும். மேலே சொன்ன அரசு லேப்டாப்புகளுக்கு இதுதான். சூயிங்கம் போல நீளமாக இருப்பது எம்.2. அதன் மீதுள்ள 2280 என்ற எண் அதன் அளவு: 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். 2242, 2230 என்று குட்டையானவையும் உண்டு. ஸ்க்ரூ போடும் துளை 42இல் இருக்கும் லேப்டாப்பில் 80 நீளமுள்ளது உட்காராது.

சிக்கல் இதற்குப் பிறகுதான். எம்.2 என்பது உருவத்தின் பெயர் மட்டுமே. அந்த உருவத்துக்குள் சாட்டாவும் வரும், என்விஎம்இயும் வரும். இரண்டும் பேசும் மொழி வேறு. சில ஸ்லாட்டுகள் சாட்டாவை மட்டும் ஏற்கும். சில என்விஎம்இயை மட்டும் ஏற்கும். சில இரண்டையும் ஏற்கும். எஸ்எஸ்டியின் தங்கநிற விளிம்பைப் பார்த்தால் ஒரு குறிப்பு கிடைக்கும்: என்விஎம்இயில் பெரும்பாலும் ஒரு வெட்டு, எம்.2 சாட்டாவில் பெரும்பாலும் இரண்டு வெட்டுகள். ஆனால் கடைசி வார்த்தை மதர்போர்டின் கையேட்டுடையது. லேப்டாப்பின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் கையேட்டில் ‘ஸ்டோரேஜ்’ பகுதியை ஒருமுறை படித்துவிட்டுக் கடைக்குப் போனால், புதுக்கோட்டைக்கும் திருச்சிக்கும் இரண்டாவது முறை பஸ் ஏற வேண்டியிருக்காது.

எம்.2 ஸ்லாட்டே இல்லாத பழைய டெஸ்க்டாப்பில் அடாப்டர் அட்டை வைத்து என்விஎம்இ போடலாம் என்று சொல்வார்கள். பொருந்தும், ஆனால் பழைய பயாஸ் பெரும்பாலும் அதிலிருந்து பூட் செய்யாது. அங்கே சாட்டாதான் சரி.

கேள்வி (பொன்னமராவதி): ஒரு பெட்டியில் 550, இன்னொன்றில் 3,500, மற்றொன்றில் 7,000 என்று போட்டிருக்கிறது. 7,000 என்றால் பதின்மூன்று மடங்கு வேகமா?

பதில்: திருச்சி நெடுஞ்சாலையில் பறக்கும் காரைக் கொண்டுவந்து, சாயங்கால நேரத்தில் புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் விட்டால் என்ன வேகம் போகும்? பெட்டியில் உள்ள எண் நெடுஞ்சாலை வேகம். அன்றாட வேலை கீழ ராஜ வீதி.

அந்த எண்கள் பொய்யல்ல. சாட்டா இணைப்பின் உச்சம் விநாடிக்கு சுமார் 550 எம்பி. பிசிஐஇ மூன்றாம் தலைமுறை என்விஎம்இ 3,500 வரை, நான்காம் தலைமுறை 7,000க்குச் சற்று மேல், ஐந்தாம் தலைமுறை அதைப் போல இரு மடங்கு. ஆனால் அது ஒரே பெரிய கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது கிடைப்பது. விண்டோஸோ, டேலியோ, பிரவுசரோ கேட்பது 4 கேபி அளவுள்ள சிறு துண்டுகளை, அங்கொன்றும் இங்கொன்றுமாக. அந்த வேலையில் ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு 1 எம்பியைத் தாண்டத் தடுமாறும். சாட்டா எஸ்எஸ்டி 30, 40 எம்பி தரும். நல்ல என்விஎம்இ 60 முதல் 90 எம்பி வரை தரும். முதல் தாவல் கண்ணுக்குத் தெரியும். இரண்டாவதைக் கடிகாரம் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பில் போடும் கடை, ஜெராக்ஸ் கடை, இ-சேவை மையம், பள்ளி, வீடு ஆகிய எல்லாவற்றுக்கும் சாட்டாவோ மூன்றாம் தலைமுறை என்விஎம்இயோ நிறைவாகப் போதும். ஐந்தாம் தலைமுறைக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை ராமுக்கும் யுபிஎஸ்ஸுக்கும் கொடுப்பது நல்ல முடிவு.

கேள்வி (கறம்பக்குடி): கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டூடியோ. புது 1 டிபி எஸ்எஸ்டியில் கார்டிலிருந்து காப்பி போட்டால் முதலில் புயலாகப் போகிறது, பாதியில் மாட்டு வண்டி ஆகிவிடுகிறது. எஸ்எஸ்டி பழுதா?

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. அது க்யூஎல்சி வகையாக இருக்கலாம்.

எஸ்எஸ்டியின் ஒவ்வொரு அறையும் மின்னேற்றத்தைப் பிடித்து வைக்கும் ஒரு பாத்திரம். பாத்திரம் காலியா, நிறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் ஓர் அறைக்கு ஒரு பிட். நொடியில் நிரப்பலாம், நொடியில் பார்க்கலாம். அதே பாத்திரத்தில் எட்டு மட்டங்களைக் குறித்தால் மூன்று பிட், அதுதான் டிஎல்சி. பதினாறு மட்டங்கள் என்றால் நான்கு பிட், அது க்யூஎல்சி. பதினாறு கோடு போட்ட உழக்கில் ஒரு கோடு கூடாமல் குறையாமல் ஊற்ற வேண்டுமென்றால் கை நிதானிக்கத்தானே செய்யும்? அதனால் எழுதும் வேகம் குறைகிறது, பாத்திரமும் சீக்கிரம் தேய்கிறது, விலை மட்டும் மலிகிறது.

இந்த மந்தத்தை மறைக்க, பெரும்பாலான எஸ்எஸ்டிகள் காலி இடத்தில் ஒரு பகுதியை ஒரு பிட் பாத்திரமாக வைத்துக்கொண்டு முதலில் அதில் வாங்கிக்கொள்ளும். ஓய்வு கிடைக்கும்போது அதைப் பதினாறு மட்டத்துக்கு மாற்றி அடுக்கும். நூறு இருநூறு ஜிபி முகூர்த்த வீடியோவை ஒரே மூச்சில் கொட்டினால் அந்த இடம் நிறைந்துவிடும். அதன்பின் வெளிப்படுவதுதான் க்யூஎல்சியின் சொந்த வேகம். சிலவற்றில் அது ஹார்ட் டிஸ்க் அளவுக்கே இறங்கும். டிஸ்க் முக்கால்வாசி நிறைந்திருந்தால் இன்னும் சீக்கிரம் இறங்கும்.

ஸ்டூடியோவுக்கு வாங்க வேண்டியது டிஎல்சி, அதிலும் டிராம் உள்ள மாடல். எந்தத் தகவல் எந்த அறையில் இருக்கிறது என்ற பதிவேட்டை டிராம் கையருகே வைத்திருக்கும். டிராம் இல்லாத என்விஎம்இ கணினியின் ராமில் கொஞ்சம் கடன் வாங்கிச் சமாளிக்கும். வீட்டு உபயோகத்துக்கு அந்தக் கடனே போதும். டிராம் இல்லாத சாட்டாவுக்கோ அந்தக் கடன் வசதியும் கிடையாது. பெட்டியில் டிஎல்சியா க்யூஎல்சியா என்று போடாத மாடலுக்கு, தயாரிப்பாளரின் விவரத்தாளைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கலாம். எடிட் முடிந்த பழைய ஆல்பங்களைச் சேமிக்க மலிவான பெரிய ஹார்ட் டிஸ்க் இன்றும் சிறந்தது.

கேள்வி (கந்தர்வகோட்டை): எழுத எழுத எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்கிறார்களே?

பதில்: தேயும். 500 ஜிபி டிஎல்சி எஸ்எஸ்டிக்குப் பல தயாரிப்பாளர்கள் 300 டிபி வரை எழுதலாம் என்று உத்தரவாதம் தருகிறார்கள். தினம் 30 ஜிபி எழுதினால் அந்தக் கணக்கு 10,000 நாள், அதாவது 27 வருஷம். அதற்குள் லேப்டாப்பின் கீல் உடைந்திருக்கும்.

கேள்வி (கீரமங்கலம்): கஜா புயலில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி மின்சாரமே இல்லாமல் கிடந்தால் எஸ்எஸ்டியில் உள்ளது அழிந்துவிடுமா?

பதில்: 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையைக் கடந்தபின் இருட்டில் கிடந்த வாரங்கள் ஓர் எஸ்எஸ்டிக்குப் பொருட்டல்ல. ஆனால் கேள்வியில் உண்மை இருக்கிறது. எஸ்எஸ்டியில் தகவல் என்பது மின்னேற்றம். அது மிக மெதுவாகக் கசியும். ஜெடெக் தரநிலையின்படி, எழுதும் அளவு முழுவதையும் தீர்த்துவிட்ட சாதாரண எஸ்எஸ்டிகூட, 30 டிகிரியில் மின்சாரம் இல்லாமல் ஓராண்டு தகவலைக் காக்க வேண்டும். சூடு ஒவ்வொரு 5 டிகிரி ஏறும்போதும் அந்தக் காலம் ஏறத்தாழ பாதியாகும். புது எஸ்எஸ்டி இதைவிடப் பல மடங்கு தாங்கும். இருந்தாலும் குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களை எஸ்எஸ்டியில் போட்டு, சித்திரை வெயிலில் காயும் ஓட்டுவீட்டுப் பரணில் பத்து வருஷம் வைக்கக் கூடாது. குடுமியான்மலையின் இசைக் கல்வெட்டு ஆயிரம் ஆண்டு கடந்தும் நிற்பதற்குக் காரணம் அது கல் என்பதே.

உண்மையான ஆபத்து நீண்ட மின்தடை அல்ல, திடீர் மின்தடை. எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் டெஸ்க்டாப் அணைந்தால் பதிவேடு கெடலாம். யுபிஎஸ் அவசியம். ஹார்ட் டிஸ்க் சாகும் முன் டக் டக் என்று முனகி எச்சரிக்கும். எஸ்எஸ்டி பெரும்பாலும் சத்தமில்லாமல் போகும். தவறி அழித்த கோப்பை மீட்பதும் அரிது. ட்ரிம் என்ற ஏற்பாடு அழித்த இடத்தை உடனே துடைக்கச் சொல்லிவிடும். ஆகவே முக்கியமானவை இன்னோர் இடத்திலும் இருந்தே ஆக வேண்டும்.

கேள்வி (திருமயம்): ஆன்லைனில் 16 டிபி எஸ்எஸ்டி, ஒரு பிரியாணி விருந்து விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: பிரியாணியே வாங்கலாம். அந்தப் பளபளப்பான உறையைத் திறந்து பார்த்தவர்கள் உள்ளே கண்டது, பசையில் ஒட்டிய ஒரு மெமரி கார்டு. அளவைப் பொய்யாகச் சொல்லும்படி அதன் மென்பொருள் மாற்றப்பட்டிருக்கும். உண்மையான இடம் நிறைந்ததும் பழைய கோப்புகளின் மேலேயே எழுதத் தொடங்கும். கோப்பின் பெயர் மட்டும் பட்டியலில் இருக்கும். சந்தேகமான டிஸ்க்கை எஃப்3 என்ற இலவச மென்பொருள் முழுக்க எழுதித் திரும்பப் படித்துச் சொல்லிவிடும். 500 ஜிபி வாங்கினால் விண்டோஸ் 465 என்று காட்டுவது மட்டும் மோசடி அல்ல: தயாரிப்பாளர் ஆயிரத்தால் வகுக்கிறார், விண்டோஸ் 1,024ஆல் வகுக்கிறது.

கேள்வி (விராலிமலை): பிளேஸ்டேஷன் 5இல் இடம் நிறைந்துவிட்டது. எந்த எஸ்எஸ்டி போடலாம்?

பதில்: இங்கே நெடுஞ்சாலை வேகம் உண்மையிலேயே வேண்டும். முதலில் வந்த மாடலில் உள்ளே இருப்பது 825 ஜிபி. 2021 செப்டம்பர் அப்டேட்டுக்குப் பிறகு எம்.2 ஸ்லாட் திறக்கப்பட்டது. சோனி கேட்பது பிசிஐஇ நான்காம் தலைமுறை என்விஎம்இ. பரிந்துரைக்கும் படிப்பு வேகம் விநாடிக்கு 5,500 எம்பி அல்லது அதற்கு மேல். ஹீட்சிங்க் கட்டாயம். ஹீட்சிங்க்கோடு சேர்த்து அகலம் 25 மில்லிமீட்டருக்குள்ளும், உயரம் 11.25 மில்லிமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். மதர்போர்டுக்கென்று விற்கும் மலை போன்ற ஹீட்சிங்க் அதில் நுழையாது.

யுஎஸ்பியில் மாட்டும் எஸ்எஸ்டியில் பிஎஸ்5 கேம்களைச் சேமித்து வைக்கலாம்; அங்கிருந்தே ஆட முடியாது. பிஎஸ்4 கேம்களை ஆடலாம். பிஎஸ்4 வைத்திருப்பவர்கள் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போட்டாலே காத்திருப்பு நன்றாகக் குறையும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் இரண்டும் தமக்கென்று உள்ள விரிவாக்க அட்டையைத்தான் கேட்கும், சாதாரண எம்.2 அங்கே நுழையாது.

கேள்வி (மணமேல்குடி): மாற்றிய பிறகு பழைய ஹார்ட் டிஸ்க்கை என்ன செய்வது?

பதில்: முதல் ஒரு மாதம் தொடாமல் வைக்க வேண்டும். புது எஸ்எஸ்டிக்கு எதையாவது மாற்ற மறந்திருந்தால் அது அதில் இருக்கும். பிறகு யுஎஸ்பி கேஸ் ஒன்று வாங்கி அதற்குள் போட்டால் பேக்கப் டிஸ்க் தயார். டக் டக் சத்தம் கேட்கத் தொடங்கியதென்றால் உள்ளதை உடனே வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, தட்டில் ஆணி இறக்கி, மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுத்துவிடலாம்.