தலையாட்டி பொம்மையிடம் பாடம்

கேள்வி: அனிமேஷன் கற்க பிளெண்டர் மென்பொருளைத் திறந்தால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருக்கிறது. அழுகையே வருகிறது. விட்டுவிடலாமா?
– கல்லூரி மாணவி, திருவையாறு

பதில்: விடவே விடாதீர்கள், அம்மா! அத்தனை பொத்தானையும் அறிந்த பிறகுதான் ஆரம்பிப்பது என்றால் உலகில் ஒருவரும் ஆரம்பித்திருக்க முடியாது. தேவையான கட்டளையைத் தேடித் தர எஃப்3 விசை இருக்கிறது. முதல் படத்திலேயே கரிகாலனையும் கல்லணையையும் எழுப்ப நினைப்பதுதான் ஆளைச் சாய்த்துவிடுகிறது.

அதற்குப் பதிலாக, தஞ்சாவூர் நாட்டியப் பொம்மை ஒன்றை மேசைமேல் வையுங்கள். பாவாடை, உடல், தலை எல்லாம் தனித்தனித் துண்டுகள். ஒன்றின் கம்பி முனையில் மற்றொன்று நிற்கும். பிளெண்டரிலும் அதே அடுக்குதான்: உடலைப் பாவாடைக்கும், தலையை உடலுக்கும் 'பேரன்ட்' செய்யுங்கள், அதாவது கீழ்த்துண்டு அசைந்தால் மேல்துண்டும் கூடவே அசையும்படி இணையுங்கள். தலை சுழலும் மையத்தைக் கழுத்துக்குக் கொண்டுவர மறக்காதீர்கள். பலர் சிக்குவது இங்கேதான். இப்போது பொம்மையைத் தட்டிவிட்டுப் பாருங்கள். ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடச் சுருங்கிக்கொண்டே வரும். அந்த ஆட்டங்களைப் போலவே, ஒவ்வொரு நிலையையும் குறிக்கும் கீஃபிரேம்களை வையுங்கள். தலைக்குரியதை மட்டும் இரண்டு மூன்று பிரேம் தள்ளிவையுங்கள், உயிர் வந்துவிடும்!

2025இல் ஆஸ்கர் வென்ற லாட்வியாவின் 'ஃப்ளோ' இதே பிளெண்டரில் உருவான படம்தான். ஆனால் அவசரம் வேண்டாம்; இன்றைக்குப் பாவாடையை மட்டும் ஆடவிடுங்கள். தலை அடுத்த வாரம் வரட்டும்.