வித்தைக்காரர் பெற்ற பிள்ளை

தெருவில் வித்தை காட்டுகிறவருக்கு இரண்டு பேரிடம்தான் பயம். ஒருவர் போலீஸ்காரர். மற்றவர், பத்தாவது படிக்கிற அவருடைய சொந்தப் பிள்ளை. போலீஸ்காரராவது “எடுய்யா மூட்டையை” என்று வாயைத் திறந்து சொல்லிவிடுவார். பிள்ளை அதுகூடச் சொல்வதில்லை. உதட்டை ஒரு பக்கமாகச் சுழித்துவிட்டுப் போனை நோண்ட ஆரம்பித்துவிடுவான். சந்தைக் கூட்டத்தையே வாயடைத்து நிற்க வைக்கிற மனிதருக்கு அந்தச் சுழிப்புக்கு மட்டும் இன்னும் மந்திரம் கிடைக்கவில்லை.

இவரை நீங்கள் மணப்பாறை மாட்டுச் சந்தையில் பார்த்திருக்கலாம். சமயபுரம் பூச்சொரிதல் சமயத்தில் பஸ் வந்து திரும்புகிற இடத்தில் பார்த்திருக்கலாம். தலையில் சிவப்புத் துணி, விரலுக்கொரு கல் மோதிரம், தரையில் விரித்த கித்தான், அதன்மேல் ஒரு மண்டை ஓடு (எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்கக் கூடாது), ஓரமாக வாய் கட்டிய ஒரு பிரம்புக் கூடை. உடுக்கையை நாலு தட்டு தட்டி, தண்ணீரால் வட்டம் போட்டு, “குழந்தைங்க எல்லாம் முன்னால உட்காருங்க. பெரியவங்க கையைக் கட்டாதீங்க. பாதியில போனா ரத்தம் கக்கும்” என்று ஆரம்பிப்பார். இதுவரை யாரும் கக்கியதாகத் தகவல் இல்லை. ஆனாலும் கட்டிய கைகள் அத்தனையும் சடாரென்று பிரிந்துவிடும். சூட்கேஸோடு நின்ற ஒரு கோட்டுக்காரர் அவசர அவசரமாகக் கையைத் தொங்கப்போட்டதை நானே பார்த்தேன். கட்டிய கை தட்டாது, பைக்குள்ளும் போகாது. ரத்தம் கக்குவதன் சூட்சுமம் அவ்வளவுதான்.

கூடைக்குள் பாம்பு இருக்கிறது, சாக்குக்குள் கீரி இருக்கிறது, கடைசியில் இரண்டையும் சண்டைக்கு விடப்போகிறேன் என்று இவர் சொல்லாத நாளில்லை, விட்ட நாளுமில்லை. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நிஜமாகவே பாம்பு வைத்துக்கொண்டிருந்த பாம்பாட்டிகளின் பிழைப்பு நாளடைவில் போயிற்று. திறக்காத கூடையை எந்தச் சட்டம் என்ன செய்யும்? தாயத்து விஷயம்தான் கொஞ்சம் சிக்கல். நோய் தீர்க்கும் என்று சொல்லித் தாயத்துக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. இவருக்கு அதைத் தேடிப்பிடித்து வாசித்துக் காட்டியவன் வேறு யாருமில்லை, பிள்ளைதான். மறுநாளே வசனம் மாறிவிட்டது. “சாமி, இந்தத் தாயத்து எந்த நோயையும் தீர்க்காது. உங்ககிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன். கட்டிக்கிட்டா கட்டின மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.” விற்பனை குறையவில்லை. முன்பைவிடக் கொஞ்சம் கூடியிருப்பதாகத்தான் கேள்வி.

கூட்டத்தில் யாராவது ஒருவர், “கயிறை அந்தரத்துல நிக்க வெச்சுப் பையனை ஏத்தி மறைய வைப்பாங்களாமே, அது தெரியுமா?” என்று கேட்பார். “எங்க தாத்தா செய்வாரு” என்பார் இவர். வித்தைக்காரர்கள் எல்லாருக்கும் அப்படி ஒரு தாத்தா இருந்திருக்கிறார். அந்தக் கதை 1890-இல் ‘சிக்காகோ ட்ரிப்யூன்’ பத்திரிகையில் வந்து ஊரெல்லாம் பரவியது. சில மாதம் கழித்து, அது கட்டிய கதைதான் என்று அந்தப் பத்திரிகையே ஒப்புக்கொண்டது. 1934-இல் லண்டன் வித்தைக்காரர் சங்கமான ‘மேஜிக் சர்க்கிள்’, திறந்தவெளியில் செய்து காட்டுகிறவருக்கு 500 கினி தருவதாக அறிவித்தது. பரிசை யாரும் வாங்கவில்லை. தாத்தாவுக்குத் தபால் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

இத்தனையும் வெளியூர் நிர்வாகம். வீட்டு நிர்வாகம் கொல்லைப்புறத்தில் தொடங்குகிறது. பழைய பெயிண்டு டப்பாக்களில் வரிசையாக மாங்கன்றுகள் நிற்கும்: ஒன்று இப்போதுதான் கொட்டையைப் பிளந்துகொண்டு எட்டிப் பார்ப்பது, அடுத்தது சாண் உயரம், அதற்கடுத்தது முழ உயரம். மணல் சட்டியில் மாங்கொட்டையை நட்டு, துணியைப் போட்டு மூடி, கூட்டத்தைப் பேச்சில் இழுத்துக்கொண்டே ஒவ்வொரு முறையும் அடுத்த உயரத்துக் கன்றை உள்ளே தள்ள வேண்டும். கடைசிக் கன்றில் ஒரு மாவடுவைப் பச்சை நூலால் கட்டியிருக்கும். ஐப்பசியில் மாவடுவுக்கு எங்கே போவது? அப்போது மரத்தில் இலையோடு சரி. “காய்க்கிற மாசம் வந்து பாருங்க” என்று சொல்லிவிடுவார். (தொழில் ரகசியத்தை வெளியிட்டுவிட்டேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். யூடியூபில் இதைவிட விவரமாக இருக்கிறது.)

கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது சின்ன வயதிலிருந்து பையன் வேலை. அப்பாவின் கித்தானில் ஐந்து நிமிஷத்தில் முளைக்கிற மரம், கொல்லையில் முளைவிடவே மூன்று வாரம் எடுத்துக்கொள்கிறது என்பதை அவன் நடை பழகிய நாளிலிருந்தே பார்த்து வருகிறான். தாவரவியலில் மட்டும் மார்க்குக்குக் குறைவில்லை.

முன்பெல்லாம் அவனும் கூடப் போவான். கண்ணைக் கட்டித் தரையில் படுக்கவைத்து, மேலே ஒரு போர்வையைப் போட்டு, “பையா!” என்று கூப்பிட்டால், “ஐயா!” என்று மழலைக் குரல் வரும். அந்தக் குரலுக்கே நாலு காசு விழும். இப்போது போர்வையால் தலையை மூடினால் கால் தெரிகிறது, காலை மூடினால் தலை தெரிகிறது. “ஒண்ணும் அறியாத பச்சைப் பாலகன்” என்று அப்பா உருகிக்கொண்டிருக்கும்போதே போர்வைக்குள்ளிருந்து “ஐயா” என்று தவில் அடித்தாற்போல ஒரு குரல் எழும்பியதில், முன்வரிசைக் குழந்தை ஒன்று வீறிட்டு அழுததாம். அதோடு போர்வைக்கு ஓய்வு கொடுத்தாயிற்று. மீசை முளைத்த பாலகனை எந்தச் சந்தையிலும் விற்க முடியாது.

கண்ணைக் கட்டிய பையனுக்கு, கூட்டத்திலிருப்பவர் கையில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? கேள்வியிலேயே விடை இருக்கும். “சொல்லு” என்றால் கடிகாரம், “சீக்கிரம் சொல்லு” என்றால் ரூபாய் நோட்டு, “யோசிச்சுச் சொல்லு” என்றால் சீப்பு. இப்படி ஒரு பட்டியல் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் மனப்பாடம். அதன் பலனை இப்போது வீடு அனுபவிக்கிறது.

“கணக்குல எவ்வளவுடா? சீக்கிரம் சொல்லு.”

“பத்து ரூபாய் நோட்டு, ஐயா.”

அடுப்படியில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவால் கோபப்படவும் முடியவில்லை. பதில் தவறு என்று எப்படிச் சொல்வது?

அந்தக் கணக்கு மார்க் வந்த அட்டையில்தான் பெரிய ரகளை. பள்ளிச் சுற்றுலாவுக்கு அனுமதிக் கடிதம் என்று ஒரு தாளை நீட்டினான் பையன். அடியில் இன்னொன்று, கையெழுத்துப் போடும் இடம் மட்டும் தெரிகிற மாதிரி. வாயும் சும்மா இல்லை. பஸ்ஸில் யார் யார் வருகிறார்கள், சித்தன்னவாசலில் எங்கே சாப்பாடு என்று சரளமாக ஓடிக்கொண்டிருந்தது. இவர் இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடினார். பிறகு அடியில் இருந்ததை நிதானமாக உருவி எடுத்தார்.

“தம்பி, பேச்சு நல்லா வந்துச்சு. மடிப்பும் குறையில்ல. ஆனா நான் கையெழுத்துப் போடுறப்ப நீ தாளைப் பார்த்தே. நீ எங்க பார்க்கிறியோ அங்கதான் கூட்டமும் பார்க்கும். என் மூஞ்சியப் பார்த்திருந்தா தப்பிச்சிருப்பே.”

“நல்லா இருக்குய்யா நியாயம்!” என்று கரண்டியோடு வந்துவிட்டாள் அம்மா. “பொய் சொல்லாதேன்னு புத்தி சொல்லுவியா, எப்படிச் சொல்லணும்னு பாடம் நடத்துறியா?”

இவர் பதில் சொல்லவில்லை. அடுத்த தேர்வு அட்டையில் தாம் எப்போது கையெழுத்துப் போட்டோம் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. டீக்கடையில் இதைச் சொல்லும்போது முகத்தில் வருத்தத்தை வரவழைத்துக்கொள்கிறார், சரியாக வரவில்லை.

பையனுக்கு அப்பாவின் தொழில்மேல் இருந்த இளக்காரம் கொஞ்சம் குறைந்தது ஒரு வீடியோவால். வெளிநாட்டுத் தெரு ஒன்றில், உடம்பெல்லாம் தங்கச் சாயம் பூசிய ஓர் ஆள், ஒற்றைக் கையால் கோலைப் பிடித்தபடி அந்தரத்தில் உட்கார்ந்திருக்கிறான். கோடிக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள். “இதான்ப்பா மேஜிக்” என்று நீட்டினான். அப்பா பல் துலக்கிக்கொண்டே பார்த்தார். “கோலே இரும்பு. கை வழியா சட்டைக்குள்ள வளைஞ்சு போய் அடியில பலகை” என்று சொல்லித் துப்பினார். 1830-களில் இதே சென்னைப் பட்டணத்தில் சேஷால் என்பவர், தண்டத்தின்மேல் கையை ஊன்றி அந்தரத்தில் உட்கார்ந்து காட்டி, அந்தச் செய்தி லண்டன் பத்திரிகைவரை போனது. அது இவருக்குத் தெரியாது. பையன்தான் ராத்திரி தேடிப் படித்துவிட்டு, காலையில் “உங்க தாத்தாவுக்கு அவரைத் தெரியுமா?” என்று கேட்டான். தெரியாமல் இருக்குமா? தாத்தாவுக்கு எல்லாரையும் தெரியும்.

பிள்ளை தொழிலுக்குச் செய்த ஒரே முதலீடு, அம்மா கணக்கில் வாங்கி உடுக்கையின் பக்கத்தில் வைத்த கியூஆர் அட்டையும் அதோடு வந்த சவுண்ட் பாக்ஸும். அட்டை நல்ல ஏற்பாடு. தட்டைக் கையில் எடுத்ததும் கூட்டம் கரையத் தொடங்கும். “சில்லறை இல்லீங்க” என்கிற வழி இப்போது அடைபட்டது. சவுண்ட் பாக்ஸ்தான் கவிழ்த்துவிட்டது. “காலையிலேருந்து ஒத்தப் பைசா விழல சாமி, வீட்ல அடுப்பு எரியல” என்று இவர் குரல் தழுதழுக்கும் அதே நேரத்தில், “ஐம்பது ரூபாய் பெறப்பட்டது” என்று ஒரு பெண் குரல் சந்தை முழுக்கக் கேட்க அறிவித்தது. அந்தக் கித்தானில் உண்மை பேசிய முதல் சாமான் அதுதான். இப்போது அதன் இருப்பிடம், வாய் கட்டிய பிரம்புக் கூடை.

ஆக, கூடைக்குள் ஏதோ இருக்கிறது என்று இவர் சொல்வதை இனி நம்பலாம். மணப்பாறைப் பக்கம் போனால் கொஞ்சம் நின்று பாருங்கள். கையைக் கட்டாதீர்கள். தட்டு வரும்போது நழுவாமல் பத்து ரூபாயாவது போட்டுவிட்டுப் போங்கள். பையன் அடுத்த வருஷம் பதினொன்றாம் வகுப்பில் சேர வேண்டும்.