தோடிக்கு முன் ஆபேரி

கேள்வி: சாஸ்திரிய இசையை ரசிக்கத் தொடங்குபவர் எந்த இசைத்தட்டை முதலில் கேட்கலாம்?
– ஒரு வாசகர், கீழப்பாவூர்

பதில்: கீழப்பாவூர்க்காரர் இதைக் கேட்பது, குற்றாலத்தில் நின்றுகொண்டு குளிக்க எங்கே போகலாம் என்று விசாரிப்பதற்கு ஒப்பாகும். நாதஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) பிறந்த ஊரும் அதே பழைய திருநெல்வேலிச் சீமையில்தான் இருக்கிறது. 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் வாசித்த 'சிங்கார வேலனே தேவா' ஆபேரி ராகத்தில் அமைந்தது. அதன் இறுதியில் ஸ்வரக் கோவைகளைக் குரலும் குழலும் மாறி மாறித் தொடுக்கும்போது, மூச்சு எங்கே முடிகிறது, சீவாளி எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிவது அனுபவசாலிக்கும் கடினமே. சீவாளி என்பது வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டு. துளைகளை விரல் பாதி மூடுவதாலும், சீவாளியின்மீது உதடு தரும் அழுத்தத்தாலுமே, ஸ்வரத்தை அசைத்து இழைக்கும் கமகம் அவ்வளவு நயமாகப் பிறக்கிறது.

அடுத்து அவருடைய குருநாதர் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தைக் கேட்க வேண்டும். தாளக் கட்டின்றி ராகத்தின் உருவத்தைப் படிப்படியாக விரித்துக் காட்டும் ஆலாபனையை மணிக்கணக்கில் வளர்க்க வல்ல அந்தப் பெருங்கலைஞர், ஒரு பக்கத்திற்குச் சுமார் 3 நிமிடமே இடம் தந்த பழைய இசைத்தட்டிலும் தோடியின் கம்பீரத்தைச் சிறிதும் குறையாமல் நிறுத்தியிருக்கிறார். மறுமுறை கேட்பவர் மூன்றாவது ஸ்வரமான காந்தாரத்தை மட்டும் கவனிக்கட்டும்; மூன்றாம் முறை கேட்கச் சொல்ல வேண்டியிராது.